டைப்பிங் கத்துக்க தினம் ஒரு மணி நேரம்தான் இருக்கு: இன்ஸ்டிட்யூட்டா, வீட்டு லேப்டாப்பா, லீவுல மொத்தமாவா?

வேலைக்கும் போய்க்கிட்டு, ராத்திரி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்கும் படிச்சுக்கிட்டு, நடுவுல டைப்ரைட்டிங்கையும் முடிச்சு வச்சுடணும்னு நினைக்கிறவங்க நம்ம ஊர்ல ரொம்ப பேர் இருக்காங்க. அவங்க எல்லாரும் கடைசில வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம், அதை வச்சு இன்ஸ்டிட்யூட்ல சேர்றதா, வீட்டுலயே லேப்டாப்ல பழகிக்கிறதா, இல்ல லீவு வர்றப்போ ரெண்டு மாசம் மொத்தமா உக்காந்து முடிச்சுடறதா. மூணுமே நடக்கிற வழிதான், மூணுலயும் பாஸ் பண்ணவங்களை நான் பாத்திருக்கேன், ஆனா எல்லாருக்கும் எல்லாம் ஒத்து வராது.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கணும். நேரம் இல்லைன்னு சொல்றோமே, நம்மகிட்ட கம்மியா இருக்கிறது மணி நேரமா, நாளா? இது ரெண்டும் வேற வேற. தினம் ஒரு மணிக்கு மேல கிடைக்காது ஆனா ஒரு வருஷம் டைம் இருக்கு அப்படிங்கிறவங்க ஒரு வகை. நாள் முழுக்க சும்மா இருக்கேன், ஆனா ஆகஸ்ட்ல வர்ற அரசு டைப்ரைட்டிங் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு அப்படிங்கிறவங்க இன்னொரு வகை. ரெண்டு பேரும் "டைமே இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா முதல் ஆளுக்கு சரியா வர்ற வழி ரெண்டாவது ஆளுக்கு தப்பாப் போயிடும்.

இதுக்கு டைப்பிங்லயே நேரடியா ஒரு ஆராய்ச்சி இருக்கு. இங்கிலாந்துல தபால் துறையில போஸ்ட்கோடு வந்து, கடிதங்களைப் பிரிக்க கீபோர்டு வச்ச மெஷின் வந்தப்போ, தபால்காரங்களுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்துச்சு. எப்படி சொல்லிக் கொடுத்தா சீக்கிரம் வரும்னு ஆலன் பேட்லி, லாங்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்களை நாலு குரூப்பா பிரிச்சுப் பாத்தாங்க, 1978-ல ரிசல்ட் வந்துச்சு. ஒரு குரூப்புக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம், இன்னொண்ணுக்கு ஒரு மணி ரெண்டு தடவை, அடுத்ததுக்கு ஒரே மூச்சுல ரெண்டு மணி, கடைசி குரூப்புக்கு ரெண்டு மணி ரெண்டு தடவைன்னு மொத்தம் நாலு மணி. நாளைக்கு ஒரு மணி நேரம் பழகினவங்க சுமார் 55 மணி நேரத்துல தொட்ட அளவைத் தொட நாலு மணி நேரக்காரங்களுக்கு 80 மணி நேரம் கிட்ட ஆச்சு. நடுவுல இருந்த ரெண்டு குரூப்பும் ரிசல்ட்லயும் நடுவுலதான். சில மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் வச்சப்பவும் நாலு மணி நேரக்காரங்களுக்குத்தான் கைல நின்னது கம்மி.

இதை மட்டும் படிச்சுட்டு "அப்போ தினம் ஒரு மணிதான் பெஸ்ட்"னு முடிவு பண்ணிடக்கூடாது, கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பாக்கணும். 55 மணி நேரத்தை நாளைக்கு ஒரு மணி, வாரத்துக்கு 5 நாள்னு வச்சா 11 வாரம் ஆகுது. 80 மணி நேரத்தை நாளைக்கு நாலு மணின்னு வச்சா 20 நாள், அதாவது 4 வாரத்துல முடிஞ்சுடுது. மணி நேரம் கம்மியா செலவானது முதல் குரூப்புக்கு, நாள் கம்மியா செலவானது கடைசி குரூப்புக்கு. நான் மேல கேட்ட கேள்விக்கு பதிலே இதுக்குள்ள இருக்கு. அதோட நாளைக்கு ஒரு மணி நேரம் பழகினவங்கதான் நாலு குரூப்புலயும் ரொம்ப அதிருப்தியா இருந்தாங்களாம், ஏன்னா பக்கத்து குரூப் எல்லாம் நாள் கணக்குல முன்னாடி போயிட்டே இருந்துச்சு. உள்ளபடி நல்லா கத்துக்கிட்டவங்களுக்குத்தான் "நமக்கு வரல போல"ங்கிற எண்ணமே வந்திருக்கு. தினம் ஒரு மணி போறவங்க மூணாவது மாசம் பாதில நிறுத்திடறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதுதான் பெரிய காரணம், பக்கத்து மெஷின்ல லீவுக்கு வந்த காலேஜ் பையன் சேர்ந்த கொஞ்ச நாள்ல பாராகிராஃப் அடிக்கிறான், நாம இன்னும் வார்த்தைலயே நிக்கிறோமேன்னு மனசு விட்டுப் போயிடுது. விடாதீங்க. அவன் போட்ட மணி நேரத்தையும் நீங்க போட்ட மணி நேரத்தையும் எண்ணிப் பாத்தீங்கன்னா நீங்க பின்தங்கலைன்னு தெரியும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தூக்கத்துக்கு இதுல பங்கு இருக்கு. விரலால ஒரு வரிசையைத் தட்டிப் பழகிட்டு ராத்திரி தூங்கி எழுந்தவங்களுக்கு மறுநாள் புதுசா எந்தப் பயிற்சியும் இல்லாமயே வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்ததுன்னு தூக்க ஆராய்ச்சியாளர் மேத்யூ வாக்கரும் கூட இருந்தவங்களும் 2002-ல காட்டினாங்க. அப்போ தினம் ஒரு மணி நேரம் அடிக்கிறவருக்கு 55 ராத்திரி கிடைக்குது, 20 நாள்ல முடிக்கிறவருக்கு 20 ராத்திரிதான். குரூப் 4-க்கு விடிய விடிய கண் முழிச்சு படிச்சுட்டு காலைல 6 மணி பேட்ச்சுக்கு ஓடி வர்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும், தூக்கத்தை வெட்டி பயிற்சிக்கு நேரம் எடுத்தா எடுத்ததுல பாதி அங்கயே போயிடும்.

இப்போ இன்ஸ்டிட்யூட். நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எல்லாம் காலங்காலமா நாளைக்கு ஒரு மணி நேரம்னுதான் பேட்ச் வச்சு நடத்திட்டு வருது, விடியக்காலைலயே திறந்து ராத்திரி வரைக்கும் ஓடும், ஆபீஸ் போறவங்களுக்கு ஏத்த நேரம் ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அந்த ஒரு மணி பேட்ச் அந்த ஆராய்ச்சிக்கு ரொம்ப முன்னாடி வந்த பழக்கம், மெஷின் கம்மி ஆள் ஜாஸ்திங்கிறதால வந்திருக்கலாம், ஆனா சரியான இடத்துல வந்து நின்னிருக்கு. பெரிய லாபம் என்னன்னா டைப்ரைட்டர் மெஷின்ல பேக்ஸ்பேஸ் அடிச்சாலும் எழுத்து அழியாது, தப்பா அடிச்சா தப்பு பேப்பர்ல அப்படியே நிக்கும், அதனால விரல் தானா நிதானத்துக்கு வந்துடும். பரீட்சையில தப்புக்கு மார்க் போகும்ங்கிறதால இந்த நிதானம் ரொம்ப முக்கியம். பரீட்சையில ஜூனியர், அதுக்கு மேல சீனியர்னு நிலை இருக்கு, இங்கிலீஷ் ஜூனியர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, 10 நிமிஷத்துல 1500 தட்டு, சீனியர்னா 45 வார்த்தை, 2250 தட்டு. கேக்க பெருசா இருக்கும், ஆனா தப்பில்லாம அடிக்கிற கைக்கு ஜூனியர் வேகம் தானாவே வந்து சேரும், தப்போட வேகமா அடிக்கிற கையைத்தான் திருத்தறது கஷ்டம். அதோட ஸ்பீட் மட்டும் இல்ல, ஸ்டேட்மென்ட், லெட்டர்னு ரெண்டாவது பேப்பர் இருக்கு, கோடு போட்டு கட்டம் பிரிச்சு தலைப்பை நடுவுல கொண்டு வந்து அடிக்கணும், இதை வீட்டுல தனியா பழகறது லேசு இல்ல, பக்கத்துல நின்னு "இங்க அஞ்சு ஸ்பேஸ் விடும்மா"ன்னு சொல்ல ஒரு மாஸ்டர் வேணும்.

குறை என்னன்னா போற வர்ற நேரம். ஒரு மணி நேரம் கிளாஸ், ஆனா பஸ் ஏறி இறங்கி போய் வர இன்னொரு மணி நேரம்னா உங்க கைல இருந்த ஒரு மணி ரெண்டா ஆயிடுது, முதல் மாசம் ஆர்வத்துல ஓடும், மழை நாள் வந்தா, வீட்டுல ஒரு விசேஷம் வந்தா, அடுத்த வாரத்துல இருந்து லீவு விழ ஆரம்பிச்சுடும். அதனால பேர் எடுத்த இன்ஸ்டிட்யூட் ஊருக்கு அந்தப் பக்கம், சுமாரானது நடந்து போற தூரத்துலன்னா நான் நடந்து போறதைத்தான் சொல்லுவேன், இல்லைன்னா ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வர்ற வழியிலயே இருக்கறதா பாருங்க. பீஸ் எல்லாம் மாசத்துக்கு சில நூறு ரூபாதான், அதை வச்சு முடிவு பண்ண வேண்டியதில்ல. சேர்றதுக்கு முன்னாடி உள்ள போய் பாத்துட்டு வாங்க, நீங்க கேக்கிற நேரத்துல நல்லா ஓடுற மெஷின் காலியா இருக்கா, மாஸ்டர் சுத்தி வந்து கை வைக்கிற விதத்தைப் பாக்கறாரா, இது ரெண்டும் போதும்.

அடுத்தது வீட்டு லேப்டாப். நேரத்தைப் பொறுத்த வரைக்கும் இதுக்கு ஈடு கிடையாது, உக்காந்த நிமிஷம் பயிற்சி ஆரம்பம், 20 நிமிஷம் கிடைச்சாலும் 20 நிமிஷமும் விரலுக்குப் போகுது. டைப்பிங்கிளப் மாதிரி ஆரம்பத்துல இருந்து படிப்படியா கூட்டிட்டுப் போற வெப்சைட் இருக்கு, கீப்ர் மாதிரி நமக்கு எந்த எழுத்து தடுமாறுதுன்னு கண்டுபிடிச்சு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கறதும் இருக்கு, மங்கிடைப்னு வேகம் பாக்க ஒண்ணு இருக்கு, எல்லாம் காசு இல்லாமயே கிடைக்கும். அதுல கீப்ர் பண்ற வேலை இன்ஸ்டிட்யூட்ல கிடைக்காதது, ஏன்னா அங்க எல்லாருக்கும் ஒரே லெசன், மோதிர விரலும் சுண்டு விரலும்தான் உங்களுக்கு தடுமாறுதுன்னாலும் ஆள்காட்டி விரலுக்கும் அதே அளவு நேரம்தான் போகும். கொஞ்ச நேரம் இருக்கறவங்களுக்கு தடுமாற இடத்துல மட்டும் நேரத்தைப் போடறது பெரிய மிச்சம்.

ஆனா வீட்டுல மாஸ்டர் கிடையாது, கீபோர்டைப் பாத்து அடிச்சாலும் கேக்க ஆள் இல்ல. ஏ எஸ் டி எஃப்-ல கை வச்சு ஆரம்பிச்சவர் பத்து நாள்ல பழையபடி ரெண்டு விரலுக்கு வந்து நிப்பார், பேக்ஸ்பேஸ் வேற சுண்டு விரலுக்குப் பக்கத்துலயே கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். அதுவும் லேப்டாப் கீ தொட்டாலே விழும், மெஷின்ல ஒவ்வொரு கீயையும் ஒரே அழுத்தத்துல குத்தணும், அதுவும் சுண்டு விரலால, லேப்டாப்லயே பழகிட்டு மெஷின் முன்னாடி உக்காந்தா பாதி எழுத்து பேப்பர்ல விழாது. அதனால மெஷின் பரீட்சை எழுதப் போறவங்க லேப்டாப்பை மட்டும் நம்ப வேண்டாம். பரீட்சை வேண்டாம், ஆபீஸ் வேலைக்கு வேகம் வந்தா போதும்னு இருக்கறவங்க இன்ஸ்டிட்யூட் பக்கமே போக வேண்டாம், அங்க ரிப்பனையும் கேரேஜையும் பழகற நேரம் உங்களுக்கு எந்த வேலைக்கும் ஆகாது.

இதுல ஆபீஸ்ல ஏற்கனவே ரெண்டு விரல்ல வேகமா அடிக்கிறவங்களுக்கு தனியா ஒரு சிக்கல் இருக்கு. பத்து விரலுக்கு மாறின முதல் சில வாரம் வேகம் குறையத்தான் செய்யும், அந்த நேரத்துல மேனேஜர் ரிப்போர்ட் கேட்டா யாரா இருந்தாலும் பழைய கைக்குத்தான் போவாங்க. அதைப் பத்தி கவலைப்பட வேண்டாம். அவசர வேலையெல்லாம் பழைய கைலயே முடிச்சுடுங்க, அவசரம் இல்லாத சின்ன மெயில், சாட் மெசேஜ் மட்டும் பத்து விரல்ல அடிங்க, இதனால தனியா நேரம் ஒதுக்காமயே நாள்ல இங்க அஞ்சு நிமிஷம் அங்க அஞ்சு நிமிஷம்னு பயிற்சி சேர்ந்துடும்.

மூணாவது வழி, லீவுல மொத்தமா. பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்சு ஏப்ரல் மே லீவுல பிள்ளைங்களைக் கொண்டு போய் சேர்க்கறது நம்ம வீடுகள்ல வழக்கம்தான், அவங்களுக்கு மணி நேரம் நிறைய, நாள்தான் கம்மி, அதனால இது அவங்களுக்கு நியாயமான வழி. ஆனா ரெண்டு மணி நேரத்தை ஒரே மூச்சுல உக்கார வைக்காதீங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பிரிச்சு கேளுங்க, பேட்ச் இருந்தா கொடுப்பாங்க. வேலைக்குப் போறவங்க சம்பளம் இல்லாத லீவு போட்டு ரெண்டு மாசம் உக்காரலாமான்னு கேட்டா, விரலுக்கு கீபோர்டே தெரியாதவங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். முன்னாடி எப்பவோ கத்துக்கிட்டு பரீட்சை எழுதாம விட்டவங்களுக்கு, ஜூனியர் முடிச்சு வருஷம் ஆனவங்களுக்கு இது நல்லா வேலை செய்யும், பழைய பழக்கம் சீக்கிரம் திரும்பி வரும், பரீட்சைக்கு முந்தின வாரங்கள்ல இன்ஸ்டிட்யூட்டும் கூடுதல் நேரம் கொடுப்பாங்க.

நாள் கம்மின்னு சொல்றதுக்கு டிஎன்பிஎஸ்சி ஒரு காரணம். குரூப் 4-ல வர்ற டைப்பிஸ்ட் போஸ்டுக்கு தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் சீனியர் வேணும், இல்லைன்னா ஒண்ணு சீனியர் இன்னொண்ணு ஜூனியர் இருந்தா போதும், அதுவும் நோட்டிஃபிகேஷன் தேதிக்குள்ள முடிச்சிருக்கணும். பரீட்சை வழக்கமா பிப்ரவரி, ஆகஸ்ட்னு வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், ஒண்ணை விட்டா ஆறு மாசம் போச்சு. ஆனா முடிச்சுட்டா லாபம் பெருசு, டைப்பிங் முடிச்சவங்க மட்டும் போட்டி போடறதால கட்-ஆஃப் பொதுவா ஜூனியர் அசிஸ்டென்ட்டை விட கீழதான் வரும், பொது அறிவுல ரெண்டு மூணு கேள்வி கூட போடறதுக்கு மாசக்கணக்கா முக்கறவங்க அந்த நேரத்துல ஒரு மணியை இங்க திருப்பி விட்டா நல்லதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

இங்க வர்ற அடுத்த கேள்வி தமிழும் இங்கிலீஷும் சேர்த்தா தனித்தனியாவா. தினம் ரெண்டு மணி இருந்தா சேர்த்தே போகலாம், நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. ஒரு மணிதான்னா அதை அரை அரையா வெட்டாதீங்க, கை சூடேறி வர்றதுக்கே பத்து நிமிஷம் போயிடும், மிச்சம் இருபது நிமிஷத்துல எதுவும் ஏறாது. அதோட அதே விரல் இங்கிலீஷ்ல ஏ எஸ் டி எஃப் ஜி-ன்னும் தமிழ்ல யளனகப-ன்னும் ரெண்டு பாடம் படிக்கணும், ரெண்டுமே ஆரம்ப நிலையில இருக்கும்போது ஒண்ணு இன்னொண்ணைக் குழப்பும். ஒண்ணுல கை நல்லா ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ரெண்டாவதைத் தொடுங்க. எதை முதல்லன்னா, ஏற்கனவே ஆபீஸ்ல இங்கிலீஷ் அடிக்கிறவங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா தினசரி வேலையே பயிற்சியா ஆயிடும், கையும் சீக்கிரம் ஓடும். தமிழ் மெஷின்ல புள்ளிக்கும் கொக்கிக்கும், அடிச்சாலும் பேப்பர் நகராத கீ இருக்கு, அதை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் எழுத்து அடிக்கணும், எழுதற வரிசைக்கு நேர் மாறு, இது பழக கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்னு கணக்குல வச்சுக்கோங்க.

பரீட்சைக்கு இல்ல, தமிழ்ல எழுதணும் அவ்வளவுதான்னு இருக்கறவங்களுக்கு தமிழ்99 போதும். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த லேஅவுட் அது, உயிரெழுத்து எல்லாம் இடது கைல, மெய் பெரும்பாலும் வலது கைல, க ப ம த ந அஞ்சும் வலது கை உக்கார்ற வரிசையிலயே இருக்கு, அ ம ம ஆ-ன்னு தட்டினா நடு மகரத்துக்கு புள்ளி தானா விழுந்து அம்மா வந்துடும். பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டை விட இதைப் பழக கம்மி நேரம்தான் பிடிக்கும். நாளைக்கு நாலு மெசேஜ், வாரத்துக்கு ஒரு பதிவுன்னு மட்டும் எழுதறவங்களா இருந்தா அதுவும் வேண்டாம், போன்ல வாய்ஸ் டைப்பிங்ல பேசி அடிச்சு தப்பைத் திருத்திக்கோங்க, அந்த ஒரு மணி நேரத்தை வேற எதையாவது கத்துக்கக் கொடுங்க.

நான் சொல்றது என்னன்னா, வேலைக்குப் போற ஆளு, குரூப் 4 நோக்கம், நடக்கற தூரத்துல இன்ஸ்டிட்யூட்னா தினம் ஒரு மணி அங்க, கூட வாரக் கடைசியில வீட்டுல அரை மணி தடுமாற விரலுக்கு மட்டும் கீப்ர். தூரம் ஜாஸ்தின்னா முதல் ரெண்டு மாசம் விரல் பழகறதை மட்டும் வீட்டுல, கீபோர்டு மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, பேக்ஸ்பேஸை தொடாம பழகிட்டு அப்புறம் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து மெஷினையும் ரெண்டாவது பேப்பரையும் பாருங்க, அதுல போற வர்ற நேரம் நிறைய மிச்சம். எங்க பழகினாலும் அந்த மணி நேரத்துல ஒரே பாராவை ஏழெட்டு தடவை அடிச்சு கை மனப்பாடம் ஆக விடாதீங்க, பரீட்சையில புது பாராதான் வரும், ரெண்டு தடவைக்கு மேல போனா பக்கத்தைத் திருப்பிடுங்க.

ஆகஸ்ட் எழுதணும்னு இருந்தா பிப்ரவரி பரீட்சை முடிஞ்ச வாரமே போய் சேருங்க, எழுதினவங்க கிளம்பின இடத்துல காலை பேட்ச்ல மெஷின் காலியாகும், ஏப்ரல்ல ஸ்கூல் பிள்ளைங்க வந்துட்டா அந்த நேரம் கிடைக்கறது கஷ்டம்.